கடையில் கண்ட காட்சி வீட்டில் எங்கே?



பட்டுப்புடவை வாங்கச் செல்லும் நம் தாய்மார்கள் கடையின் விளக்கொளியில் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. புடவையை வாசற்படிக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். ஒளி மாறினால் நிறமும் மாறித் தோன்றும் என்னும் உண்மையை அவர்கள் பட்டறிவால் உணர்ந்தவர்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் ஒளியியல் கற்பித்த எனக்கோ, அவ்வறிவு உரிய வேளையில் உதவவில்லை. அக்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் எளாவூர். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டியது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது யான் பள்ளி மாணவன். அக்காலத்தில் கறுப்பு வெள்ளைப் படம் அசைந்தாலே வியப்பு. 1982இல் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006இல் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இன்றோ சுவரில் மாட்டும் பெரிய திரைகள் வந்துவிட்டன.

ஓய்வு பெற்றபின், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் அத்தகைய பெட்டி ஒன்று வாங்கினேன். கடையில் அத்திரையில் மயில் ஒன்று தோகை விரித்தது. ஒவ்வோர் இறகும் எண்ணக்கூடியதாய் ஒளிர்ந்தது. வீட்டிலோ செய்தி வாசிப்பவரின் முகமே மங்கிக் குழைந்து தெரிந்தது. மறுநாளே கடைக்குச் சென்று, “காட்டியது ஒன்று, கொடுத்தது வேறொன்று” என்று அங்குப் பணிபுரிந்த இளைஞனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் என் பழைய மாணவன். மறுமொழி ஒன்றும் கூறவில்லை.

அன்று மாலை வேலை முடிந்ததும் அவன் என் வீட்டிற்கு வந்தான். சன்னல் திரையை இழுத்து மூடினான்; பெட்டியின் அமைப்பை மாற்றினான்; கையிலிருந்த சிறு நினைவகத்தைச் செருகினான். அதே மயில் அதே ஒளியுடன் தோகை விரித்தது! “பெட்டி அதுதான், ஐயா” என்றான். யான் தலைகுனிந்தேன்.

காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, திரைக்கு வரும் படம். 4கே எனப்படும் திரையில் அகலத்தில் 3840, உயரத்தில் 2160 புள்ளிகள் உள்ளன, பெருக்கினால் 82,94,400. கடையில் ஓடும் படம் அத்தனை புள்ளிகளுக்கும் உரிய விவரங்களோடு எடுக்கப்பட்டது. நம் வீட்டிற்கு வரும் சாதாரண அலைவரிசையிலோ 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகளே உள்ளன. வகுத்துப் பாருங்கள்: சரியாக இருபதில் ஒரு பங்கு! எஞ்சியவற்றைப் பெட்டி தானே ஊகித்து நிரப்புகிறது. மேலும், பல அலைவரிசைகளை ஒரே வழியில் அனுப்புவதற்காக நுண்விவரங்களைச் சுருக்கியும் விடுகின்றனர். ஆதலின் முகம் குழைவதில் வியப்பென்ன?

இரண்டாவது, பெட்டியின் அமைப்பு. பெட்டியை முதன்முதலில் இயக்கும்போது, ‘கடையா, வீடா?’ என்று அது கேட்பதுண்டு. கடைக்குரிய அமைப்பில் ஒளியும் வண்ணமும் மிகுந்திருக்கும். வெண்மையில் நீலச்சாயல் கலந்திருக்கும். படம் எடுப்போர் அளவுகோலாகக் கொள்ளும் வெண்மை 6500 கெல்வின். அது நண்பகல் வெளிச்சத்தை ஒத்தது. நீலம் கூடிய வெண்மை கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றினும் உண்மையன்று. வீட்டிற்குரிய அமைப்பு மின்சாரத்தைச் சேமிக்க ஒளியைக் குறைக்கிறது.

மூன்றாவது, அறை. திரையில் தெரியும் கறுப்பு, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைவிடக் கறுப்பாக இருக்க இயலாது. என் வீட்டில் பெட்டிக்கு எதிரே சன்னல்! அவ்வெளிச்சம் பட்டதும் கறுப்பு சாம்பலாயிற்று, வண்ணங்கள் வெளிறின.

நான்காவது, நம் கண். கடையில் பல பெட்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒப்பிடும் கண், ஒளி மிகுந்ததையே சிறந்ததெனத் தேர்கிறது. கடைக்காரர் வரிசையில் ஒன்று பளிச்சிட வேண்டும் என்பதற்காகவே அவ்வமைப்பு ஏற்பட்டது. ஆயினும் அதே பெட்டியை இரவில் மங்கிய அறையில் நெடுநேரம் பார்த்தால் கண் சோர்வுறும்.

அங்ஙனமாயின் வாங்குவோர் செய்யத்தக்கது யாது? நீங்கள் வீட்டில் காணும் நிகழ்ச்சியையே கடையிலும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். மயிலின் நிறத்தை நாம் நாள்தோறும் காண்பதில்லை. மனித முகத்தைக் காண்கிறோம். எனவே முகத்தைப் பார்த்து மதிப்பிடுங்கள். வீட்டில் சன்னலுக்கு எதிரே பெட்டியை மாட்டாதீர்கள். திரைப்படத்திற்குரிய அமைப்பைத் தேர்ந்து சில நாள் பழகுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றினும் கண் விரைவில் இணங்கிவிடும்.

கடையில் கண்டதும் மெய். வீட்டில் கண்டதும் மெய். இரண்டிற்கும் இடையே மாறியவை எவை என்று கேளாமல் ஒருவனைக் குற்றவாளியாக்கியதே என் பிழை. ஒரு சோதனையில் ஒன்றை மாற்றும்போது பிறவற்றை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களைப் போன்ற மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி அறிவியலுக்கும் பொருந்தும், அறத்திற்கும் பொருந்தும்.

மறுநாள் அக்கடைக்கு மீண்டும் சென்றேன். அங்கிருந்தோர் அனைவரும் கேட்க, என் மாணவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். பலர் முன்னிலையில் சொன்ன பழியைத் தனியே திரும்பப் பெறுவது நேர்மையாகாது அன்றோ?