மதிலை வளைத்த தோட்டக்காரர்!

ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே தீவு போல அமைந்த ஊர் அது. கோயிலைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் பிரமாண்டமான மதில். அந்த மதில்களில் ஒன்று, ஒரு தோட்டக்காரருக்காக வளைந்து கொடுத்ததாம். அந்தக் கதை தெரியுமா?

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன், கும்பகோணம் பக்கத்தில் உள்ள திருமண்டங்குடியில் பிறந்தவர் விப்ரநாராயணர். நன்றாகப் படித்தவர், பாட்டு எழுதுவதிலும் கெட்டிக்காரர். ஸ்ரீரங்கம் வந்த அவர், தனக்கென்று தேர்ந்தெடுத்த வேலை என்ன தெரியுமா? தோட்ட வேலை! நந்தவனம் அமைத்தார். மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, துளசியும் பூச்செடிகளும் வளர்த்தார். பூப்பறித்து, மாலை கட்டி, கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போனார். இவரைத்தான் பின்னாளில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று அழைத்தனர்.

அதே கோயிலில் மதில் கட்டும் பணியில் இறங்கினார் திருமங்கை ஆழ்வார். மதில் நேராகப் போனால், விப்ரநாராயணர் அமர்ந்து மாலை கட்டும் இடம் போய்விடும். என்ன செய்வது? 'அவரை வேறு இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. மதிலைச் சற்று ஒதுக்கிக் கட்டினார்! இதனால் நெகிழ்ந்துபோன தோட்டக்காரர், செடிகளுக்குப் பயன்படுத்தும் தன் கருவிக்கு, 'அருள்மாரி' என்று பெயர் வைத்தாராம். திருமங்கை ஆழ்வாருக்கு உரிய பெயர்களில் ஒன்று அது. வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது.

களைக் கொத்துக்கு நண்பரின் பெயர்! வேலையை எவ்வளவு நேசித்திருக்கிறார் பாருங்கள்.

யார் போகிறீர்கள்?

இன்னொரு ஸ்ரீரங்கத்துக் கதையும் கேளுங்கள். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், ராமானுஜர் இங்கே சீடர்களுக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தார். "திருமலைக்குப் போய், அங்கேயே தங்கி, நந்தவனம் அமைக்க யார் தயார்?" என்று கேட்டார்.

எல்லாரும் மவுனம்! அந்தக் காலத்தில் திருமலை அடர்ந்த காடு. கடுங்குளிர் வேறு. குருவைப் பிரிந்து அங்கே போய் மண் வெட்ட யாருக்கு மனசு வரும்?

அனந்தன் என்ற ஒரே ஒரு சீடர் எழுந்தார். "நான் போகிறேன்" என்றார். "நீயல்லவா ஆண்பிள்ளை!" என்று மகிழ்ந்தார் ராமானுஜர். அன்று முதல் அவர் அனந்தாண்பிள்ளை ஆனார். திருமலையில் மனைவியுடன் சேர்ந்து மண் சுமந்து, குளம் வெட்டி, தோட்டம் போட்டார். அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரை, இன்றும் திருமலைக் கோயில் வாசல் பக்கம் மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்த முறை போகும்போது மறக்காமல் பாருங்கள்!

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த வகுப்பில் எல்லாருக்கும் பூக்கள் பிடிக்கும். ஆனால், தினமும் காலையில் எழுந்து தண்ணீர் ஊற்ற ஒருவர்தான் முன்வந்தார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் தோட்டமே இல்லை!

இப்போதும் அதே கதைதான். மரம் நடுவிழாவில் நட்ட கன்றுகள் பல ஏன் காய்ந்து போகின்றன? நட்டு வைத்து, போட்டோ எடுக்கப் பலர் வருகின்றனர். மறுநாள் குடத்தோடு வருபவர் யாரும் இல்லை. அந்த 'மறுநாள்' ஆள்தான் தோட்டக்காரர்.

ஜெர்மனியில் இருந்து வந்தவர்

தோட்டக்கலையை முறையாகப் படித்து, அதையே தொழிலாகக் கொண்ட ஒருவரையும் பார்ப்போம். ஜெர்மனியில் 1865ல் பிறந்தவர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல். லண்டனில் உள்ள புகழ்பெற்ற கியூ தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவர். 1893ல் இந்தியா வந்து, பரோடா மன்னரின் தோட்டங்களைக் கவனித்தார். 1908ல் பெங்களூரு வந்து, லால்பாக் பூங்காவின் பொறுப்பை ஏற்றார்.

பெங்களூரு தெருக்களுக்கு அவர் போட்ட திட்டம் ரொம்ப சுவாரசியமானது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதத்தில் பூக்கும் அல்லவா? ஒரு மரத்தின் பூ உதிரும்போது இன்னொரு மரம் பூக்க வேண்டும். வருடம் முழுக்க ஊரில் எங்காவது பூ இருக்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தோட்டத்தை மட்டுமல்ல. ஊரையே தோட்டமாகப் பார்த்தவர் அவர். 1956ல் பெங்களூரிலேயே காலமானார். லால்பாக் பக்கத்தில் உள்ள ஒரு சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கின்றனர்.

இலையைக் கடித்தால் மகிழ்ச்சி!

மறுபடியும் ஸ்ரீரங்கம் வருவோம். மேலூர் பக்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 25 ஏக்கருக்கும் மேலான பரப்பில் வண்ணத்துப்பூச்சி பூங்கா இருக்கிறது. 2015ல் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகளை இங்கே பார்த்திருக்கின்றனர்.

பொதுவாக, செடியின் இலையைப் புழு கடித்தால் தோட்டக்காரருக்குக் கோபம் வரும். இங்கோ அப்படியே தலைகீழ்! வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தரும் பூச்செடிகள் மட்டும் போதாது. அதன் புழு தின்பதற்கான இலையும் வேண்டும். ஒவ்வொரு வகைப் புழுவுக்கும் குறிப்பிட்ட சில செடிகள்தான் பிடிக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி, எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் போன்றவற்றில் முட்டையிடும். வெந்தய நிறத்தில் பறக்குமே, வெந்தய வரியன், அது எருக்கஞ்செடியைத் தேடி வரும். எருக்கிலையில் உள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்துவிடுவதால், பறவைகள் அதைத் தின்னத் தயங்கும்!

ஆகவே, இப்படிப்பட்ட பூங்காவை அமைப்பவருக்குச் செடியைத் தெரிந்தால் மட்டும் போதாது. பூச்சியையும் தெரிந்திருக்க வேண்டும். 'களை' என்று நாம் பிடுங்கி எறியும் எருக்கு, அவருக்குப் பொக்கிஷம். பூச்சிமருந்து அடித்தால் எல்லாமே போச்சு!

கணக்கும் வேண்டும்

'ஒழுங்காகப் படிக்காவிட்டால் தோட்ட வேலைக்குத்தான் போக வேண்டும்' என்று யாராவது சொன்னால், அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாத்தி கட்டி, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், என்ன எடை இருக்கும்? கிட்டத்தட்ட அரை டன்! அதுபோல இருபது பாத்தி போட்டால், 10 டன். வீடு தாங்குமா? அதனால்தான், மாடித் தோட்டம் போடுபவர்கள் மண்ணைக் குறைத்து, எடை குறைவான தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலக்கின்றனர். நீர் கசியாமல் இருக்கவும், வடியவும் வழி செய்கின்றனர்.

இதையெல்லாம் கற்றுத்தர நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பே இருக்கிறது. பிளஸ் 2 முடித்துவிட்டுச் சேரலாம். திருச்சி அருகே நவலூர் குட்டப்பட்டில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி இயங்குகிறது. அன்று, எழுந்து நின்றவருக்கு 'ஆண்பிள்ளை' என்று பட்டம். இன்று, அதே வேலையைக் கற்க, பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி! எப்படி மாறியிருக்கிறது பாருங்கள்.

ஆனாலும், இது சுலபமான வேலை இல்லை குட்டீஸ். திருச்சி வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்று செடிக்கு லீவு கிடையாது. அன்றும் அதற்குத் தாகம் எடுக்கும். இதெல்லாம் தெரிந்தும், 'எனக்கு இந்த வேலைதான் பிடிக்கும்' என்று தோன்றினால், நீங்கள் அந்த வகுப்பில் எழுந்து நின்ற ஆள்!

செய்து பாருங்கள்!

உங்களுக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்றை நட்டு, வெயில் படும் இடத்தில் வையுங்கள். மருந்து எதுவும் அடிக்காதீர்கள். தினமும் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒரு நாள், இலை மேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். உற்றுப் பாருங்கள், நகரும்! அதுதான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. பறவைகளை ஏமாற்ற அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சை நிறமாகிவிடும். தொந்தரவு செய்தால், தலைக்குப் பின்னால் இருந்து இரண்டு கொம்பு போல நீட்டி, ஒரு வாடையை வீசும்.

அம்மா ரசத்துக்குக் கறிவேப்பிலை கேட்பார். புழுவும் அதே இலையைத்தான் கேட்கும். யாருக்கு எந்தக் கிளை என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். ஏனென்றால், அந்தத் தொட்டிக்குத் தோட்டக்காரர் நீங்கள்தானே!