சமையற்காரரை நிறுத்துமுன்...

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் என் சமையற்காரரின் மலப் பரிசோதனை அறிக்கையில் ‘அமீபா’ என்றிருந்தது. அவருக்கோ எந்த வருத்தமும் இல்லை. பயத்தில் பத்து நாள் நிறுத்தி வைத்தேன். அவருக்குச் சம்பளம் போனது, எனக்கு வியாபாரம் போனது.

பிறகுதான் ஒரு வைத்தியர் விளக்கினார். எண்டமீபா ஹிஸ்டொலிட்டிகா வயிற்றுளைவையும் ஈரலில் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும். எண்டமீபா டிஸ்பார் நோய் தராது. நுணுக்குக்காட்டியில் இரண்டினதும் கூடுகள் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பீ.சீ.ஆர். உதவும். கொரோனாக் காலத்தில் நாம் அறிந்த அதே முறைதான். யாழ்ப்பாணத்தில் ஈரல் கட்டி நோயாளரின் சீழிலே ஹிஸ்டொலிட்டிகா இருப்பதை இம்முறையால் உறுதிசெய்த ஆய்வு 2017இல் வெளியானது.

இரண்டையும் பிரித்தறியாமல், நோய்க்குறி இல்லாதவருக்கு அமீபா மருந்து கொடுக்க வேண்டாம் என்பதே 1997இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர்களின் பொதுவான ஆலோசனை.

என் சமையற்காரருக்கு இருந்தது டிஸ்பார். மன்னிப்புக் கேட்டு, பத்து நாள் சம்பளத்தையும் கொடுத்து அழைத்து வந்தேன்.

சகோதர வியாபாரிகளே, அறிக்கையைக் கண்டதும் ஆளை நிறுத்தாதீர்கள். எந்த அமீபா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் இரண்டும் வருவது மலம் கலந்த நீராலும் உணவாலும்தான். ஆகவே கடையில் சவர்க்காரமும் கொதித்தாறிய நீரும் எப்போதும் இருக்கட்டும்.