வணிகமும் இரட்டை இணைய இணைப்பும்

வணிகம் எக்காலத்தும் வழியை நம்பி நடப்பது. பண்டம் செல்லும் வழி அடைபட்டாற் கடை வெறுமையாகும்; செய்தி செல்லும் வழி அடைபட்டாற் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். இக்காலத்து வணிக நிலையங்களிலே செய்தி செல்லும் வழி இணையமேயாம். வங்கி அட்டைக் கொடுப்பனவு, மின்னஞ்சல், தொலைபேசி உரையாடல், தூரத்துக் கணினியில் வைக்கப்பட்ட கணக்கேடு ஆகிய யாவும் ஒரு வடத்தின் வழியே செல்கின்றன. அது அறுந்தால், பொருள் வாங்க வந்தவர் வெறுங்கையராய்த் திரும்புவர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞர் தவணை தவறி நன்மதிப்பை இழப்பர். ஆதலின் ஓர் இணைப்புக்கு இரண்டாக வைத்துக்கொள்ளல் நன்றெனப் பலர் அறிவர். ஆயின், அவ்விரண்டும் மெய்யாகவே இரண்டாக இருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கணக்கை நோக்குவோம். ஆண்டொன்றுக்கு 8,760 மணித்தியாலங்கள். இந்நேரத்தில் 99 வீதம் ஒழுங்காக இயங்கும் இணைப்பொன்று ஏறக்குறைய 88 மணித்தியாலம் தவறும். அத்தகைய இரு இணைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தவறுமாயின், இரண்டும் ஒருங்கே தவறும் நேரம் அதில் நூற்றிலொரு பங்கேயாம். அஃதாவது ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம். இரண்டாவது இணைப்பின் பயன் முழுவதும் ‘தொடர்பின்றி’ என்னும் ஒரு சொல்லிலே தங்கியிருக்கின்றது. ஒரே ஊற்றிலே இரு கிணறு வெட்டியவனுக்கு வறட்சிக் காலத்தில் இரண்டும் ஒருங்கே வற்றும்.

இதற்குச் சான்று இணையத்தின் வரலாற்றிலேயே உண்டு. அதன் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் 1969 இல் அமெரிக்காவிலே தொடங்கப்பெற்றது. அந்நாட்டின் நியூ இங்கிலாந்துப் பகுதியை ஏனைய பகுதிகளோடு ஏழு தொடர்புத் தடங்கள் இணைத்தன. 1986 டிசெம்பர் 12 இல், நியூவாக் நகருக்கும் வைற் பிளேயின்ஸ் நகருக்கும் இடையே ஒளிநார் வடமொன்று அறுந்தது. ஏழு தடங்களும் அவ்வொரு வடத்தினூடாகவே சென்றமையால், அப்பகுதி ஏறத்தாழ அரைநாள் தனித்து நின்றது. வரைபடத்திலே ஏழு கோடுகள். மண்ணின் கீழோ ஒரே வடம்!

எம் பழைய மாணவர் பலர் வாழும் கனடாவில் 2022 யூலை 8 இல் நிகழ்ந்ததும் இத்தகையதே. றொஜேர்ஸ் கம்பனியின் வலையமைப்பை மேம்படுத்தும் பணியிலே, வழித்தகவல்களை வடிகட்டும் விதியொன்று நீக்கப்பட்டது. தகவல்கள் வெள்ளமெனப் பாய, மைய ரவுட்டர்கள் செயலிழந்தன. வீட்டு இணைப்பும் கைத்தொலைபேசியும் ஒரே மையத்தை நம்பியிருந்தமையால் இரண்டும் ஒருங்கே வீழ்ந்தன. அக்கம்பனியின் வடத்தை முதல் வழியாகவும், அதன் கைத்தொலைபேசியை மாற்று வழியாகவும் கொண்டிருந்த வணிகருக்கு அன்று ஒரு வழியும் இல்லை. நாடு முழுவதற்குமான இன்ரராக் பற்று அட்டைச் சேவையும் நின்றது. வேறொரு கம்பனியின் தொடர்பையும் சேர்த்துக்கொள்ளப்போவதாக அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

எமது நாட்டில் மின்சாரமும் இவ்வகைப் பொதுவான ஊற்றாகும். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று தொடுத்த கோளாற்றால் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாளிலே, மின்கல ஆதரவு இல்லாத காரியாலயத்தில் இரு இணைப்பு இருந்தென்ன, பத்து இருந்தென்ன?

ஆகவே இரண்டாவது இணைப்பைத் தெரிவுசெய்வோர் மூன்றை நோக்கல் வேண்டும். முதலாவது, கம்பனி வேறாதல். இரண்டாவது, ஊடகமும் பாதையும் வேறாதல்: ஒன்று ஒளிநார் வடமாயின் மற்றையது கைத்தொலைபேசி வலையமைப்பாகவோ செய்மதியாகவோ இருக்கலாம். இரண்டும் வடமாயின், அவை ஒரே கம்பத்திலே தொங்குகின்றனவா எனத் தெருவில் இறங்கிப் பார்த்தல் நன்று. மூன்றாவது, ரவுட்டருக்கும் ஒளிநார் முனைக்கருவிக்கும் யூ.பி.எஸ். மின்கலம் அமைத்தல்.

இனி, இயங்கும் முறையைக் கூறுவாம். இரு இணைப்புகளையும் ஏற்கும் ரவுட்டர், முதல் வழி உயிரோடுள்ளதா என்பதை இடைவிடாது சோதித்தல் வேண்டும். கருவியின் விளக்கு எரிவது போதிய சான்றன்று. வடம் நன்றாயிருக்க, கம்பனியின் அப்பாற்பகுதி பழுதடைந்திருக்கலாம். ஆதலின் தொலைவிலுள்ள இரண்டு மூன்று முகவரிகளுக்குச் சிறு வினாவனுப்பி, எவற்றிலிருந்தும் பலமுறை விடை வாராதபோதே வழியை மாற்றுமாறு அமைத்தல் முறை. முதல் வழி மீண்டதும் உடனே திரும்பாது சில நிமிடம் பொறுத்தலும் வேண்டும். இன்றேல் வழி ஊஞ்சல்போல ஆடும். டீ.என்.எஸ். எனப்படும் பெயர்த்தேடற் சேவை முதற் கம்பனியுடையதாகவே இருந்தால், வழி மாறியும் தளங்கள் திறவாதிருத்தல் கூடும்.

இரு வழிகளையும் ஒருங்கே பயன்படுத்தலுமாம். ஆயின் 100 மெகாபிற்று வேகமுள்ள இரு இணைப்புகள் சேர்ந்து ஒரு கோப்பை 200 மெகாபிற்று வேகத்திற் கொணரும் என எண்ணற்க. ஒவ்வொரு தொடர்பும் பொதுவாக ஒரு வழியிலேயே செல்லும். பலர் ஒருங்கே பயன்படுத்தும்போதே பயன் மிகும். வழி மாறுகையில் வெளியுலகுக்குத் தோன்றும் முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் உரையாடலோ வங்கித் தொடர்போ அறுபடும். பெரிய நிறுவனங்கள் இதனைத் தவிர்க்கத் தமக்கென 256 முகவரிகள் கொண்ட தொகுதியேனும் பெற்று, 1989 இல் வகுக்கப்பெற்ற பீ.ஜீ.பீ. என்னும் நெறிமுறையால் இரு கம்பனிகளூடாகவும் அவற்றை உலகுக்கு அறிவிக்கும். சிறு கடைக்கு அது வேண்டியதில்லை.

எவ்வமைப்பாயினும், மாதமொருமுறை அலுவல் குறைந்த நேரத்தில் முதல் வடத்தைத் தாமே கழற்றிப் பார்த்தல் வேண்டும். அட்டை இயந்திரம் வேலை செய்கின்றதா? தொலைபேசி ஒலிக்கின்றதா? சிம் அட்டைக்குக் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளதா? சோதியாத மாற்றுவழி இடரான நாளிலே கைவிடுதல் கூடும்.

எதிர்காலத்திற் பொறியியலாளராகவும் வணிகராகவும் விளங்கவிருக்கும் மாணவர்கள் ஒரு வினாவை வழக்கமாக்கிக்கொள்வாராக. எவரேனும் இரு வழி உண்டெனக் கூறின், அவ்விரண்டுக்கும் பொதுவாயிருப்பது யாது எனக் கேட்டல் வேண்டும். வடமோ, கம்பமோ, கம்பனியோ, மின்சாரமோ, விடையாகக் கிடைப்பது எதுவோ, அடுத்த பழுது அங்கேயே நிகழக்கூடும்.