துவங்கும்போதே நின்றுவிடும் தரவுத்தள சர்வர்

வங்கி, ரயில்வே, மருத்துவமனை முதலிய நிலையங்களின் கணக்குகள் இன்று கணிப்பொறித் தரவுத்தளங்களில் வைக்கப்பட்டுள்ளன. அத்தகைய தளத்தை நடத்தும் சர்வர் சில சமயங்களில் துவக்கியவுடனேயே நின்றுவிடுவதுண்டு. அவ்வேளையில் பதற்றத்தால் செய்யும் பரிகாரம், மூலக் கோளாற்றைக் காட்டிலும் பெரிய நஷ்டத்தை விளைவிக்கக்கூடும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

கணக்கர் ஒவ்வொரு வரவு செலவையும் முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் பேரேட்டில் ஏற்றுவார். போஸ்ட்கிரெஸும் அவ்வாறே எல்லா மாறுதல்களையும் முதலில் முன்பதிவுக் கோப்புகளில் எழுதுகிறது. அதன் பின்னரே அவை தரவுக் கோப்புகளில் சேர்கின்றன. முன்பதிவுக் கோப்பு ஒன்றின் வழக்கமான அளவு 16 மெகாபைட். எதுவரை ஏற்றி முடிந்தது என்பதைக் குறிக்கும் அடையாளத்திற்குச் சோதனைப்புள்ளி என்று பெயர். மின்தடையால் சர்வர் நின்றுபோனால், மறுமுறை துவங்கும்போது அது இப்புள்ளியைக் கண்டு, அங்கிருந்து முன்பதிவுகளைப் படித்து, விட்டுப்போனவற்றைச் சேர்த்துக்கொள்கிறது.

முன்பதிவுகள் பெருகி வட்டு நிரம்பிவிட்டால் சர்வர் நின்றுவிடும். இடமின்மையால் மீண்டும் துவங்கவும் இயலாமற் போகலாம். முன்பதிவுகள் இருந்த அடைவின் பெயர் முன்பு 'பிஜி எக்ஸ்லாக்' என்பதாகும். 'லாக்' என்ற சொல்லைக் கண்டு, அவை வெறும் நிகழ்ச்சிக் குறிப்புகளே எனக் கருதி அழித்தவர்கள் உண்டு. சோதனைப்புள்ளியை இழந்த சர்வர் அதன்பின் துவங்க மறுத்தது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, 2017 அக்டோபரில் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் அப்பெயர் 'பிஜி வால்' என மாற்றப்பட்டது.

ஆகவே, சர்வர் துவங்காதபோது முதற்கண் செய்யத்தக்கது, அதன் பிழைக் குறிப்பின் இறுதி வரிகளைப் படிப்பதாகும். வட்டில் இடமின்மை, கோப்புகளின் அனுமதி மாறியிருத்தல், அதே போர்ட்டை வேறொரு நிரல் பயன்படுத்துதல் ஆகியவை பெரும்பாலும் அங்கேயே புலப்படும். அடுத்து, சர்வர் நின்றிருக்கும் நிலையிலேயே தரவு அடைவு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்தல் வேண்டும். இடம் போதாவிடில் வட்டை விரிவாக்கலாம். அல்லது தரவுத்தளத்துடன் தொடர்பற்ற கோப்புகளை அகற்றலாம். முன்பதிவுகளைத் தொடலாகாது.

அவை ஏற்கெனவே அழிந்திருப்பின், சேமநகலிலிருந்து தளத்தை மீட்பதே நல்வழி. அதுவும் இல்லாதபோதுதான் 'பிஜி ரீசெட்வால்' என்னும் கருவியைக் கையாளலாம். இதனால் சர்வர் துவங்கக்கூடும். ஆயினும் பணமாற்றம் ஒன்றின் பற்று மட்டும் பதிந்து வரவு விடுபட்டிருக்கலாம். எனவே தரவுகளை உடனே வெளியே எடுத்துப் புதிய தளமொன்றில் ஏற்றி, முரண்பாடுகளைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. துவங்கிவிட்ட காரணத்தாலேயே அந்தச் சர்வரின் கணக்கை நம்பிவிடலாகாது.