வாசலில் மூன்று வசூல்காரர்கள்!

கைபேசியில் நீங்கள் பார்க்கும் சினிமா, சுருங்கித்தான் வருகிறது. மாறாத சுவரையும் திரைச்சீலையையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், அசைந்த கையையும் காலையும் மட்டும் குறித்தனுப்பும் வித்தை அது.

வித்தைக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, தெரியுமோ? 2003-ல் வந்த எச்.264 முறையில் பல கம்பெனிகளுக்குப் பேடண்ட் உரிமை இருந்தது. கருவி செய்பவர்கள் கட்டணம் செலுத்தினார்கள். செலவு விலையில் ஏறாமல் இருக்குமா?

2013-ல் அதன் தங்கை எச்.265 வந்தாள். ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே படம்! மெத்தக் கெட்டிக்காரிதான். ஆனால், 2017-க்குள் கட்டணம் கேட்டு மூன்று கூட்டங்கள் வாசலில் நின்றன. மூவருக்கும் கொடுத்த பிறகு நாலாமவர் வரமாட்டார் என்பது என்ன நிச்சயம்?

பார்த்தார்கள், பெரிய கம்பெனிக்காரர்கள். கூகிள், மைக்ரோஸாஃப்ட், அமேஸான், நெட்ஃபிளிக்ஸ் முதலிய போட்டிக்காரர்களே 2015-ல் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். 2018-ல் ஏவி1 என்ற முறையை வெளியிட்டு, யாரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்றார்கள். தர்ம சிந்தனையா? இல்லை, சுத்தமான வரவு செலவுக் கணக்கு!

இலவசத்திலும் சிரமம் உண்டு. ஏவி1-ல் படத்தைச் சுருக்கக் கம்ப்யூட்டர் அதிகம் உழைக்க வேண்டும். ஸிஸ்வெல் என்ற கம்பெனி, இதற்கும் ஒரு கட்டணப் பட்டியலை நீட்டியது.

ஆகவே, வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் சிறு முதலோடு தொழில் தொடங்குகிறவருக்கு, 'யாரிடம் அனுமதி கேட்பது?' என்ற கவலை பாதியாவது குறைந்தது லாபந்தானே!