தன்னைத் தந்து படகைக் காக்கும் துத்தநாகம்

மின்வேதியியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆனோடு எது, கேத்தோடு எது என்ற குழப்பம்தான். எனக்கும் அப்படியே இருந்தது. அது தீர்ந்தது வகுப்பறையில் அன்று, குளச்சல் கடற்கரையில்.

எங்கள் வீடு பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் தக்கலையில் பேருந்து ஏறி, குளச்சலில் உள்ள நண்பனைக் காணச் சென்றேன். அவனுடைய தந்தையின் விசைப்படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்தார்கள். அதன் இரும்புத் தகட்டில், வெண்கலப் புரொப்பல்லருக்கு அருகே, விரல் நுனி பதியும் அளவுக்குக் குழிகள்! "பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல்ல மக்களே. நடுக்கடல்ல ஓட்டை விழுந்திருந்தா எங்க கதி என்ன?" என்றார் அவர்.

படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளும் இருந்தன. அவை சிறிதும் தேயவில்லை. வண்ணம் பூசியவர் அவற்றின் மீதும் அழகாகப் பூசிவிட்டிருந்தார். கட்டிகள் தேயாததே தகடு தேய்ந்ததற்குக் காரணம் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. எப்படி என்று காண்போம்.

இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால் அதுவே ஒரு மின்கலம். எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அயனியாகிக் கரைகிறது. இந்த ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடமே ஆனோடு. அந்த எலக்ட்ரான்கள் மற்ற உலோகத்திற்குச் செல்ல, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனியாகிறது. இந்த ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. மின்பகுப்புக் கலத்தில் ஆனோடு நேர்முனை. மின்கலத்திலோ அது எதிர்முனை. எனவே, குறியை மனப்பாடம் செய்யாமல் வினையைப் பாருங்கள், குழப்பம் தீரும்.

யார் கரைவது என்பதைத் திட்ட மின்முனை அழுத்தம் சொல்லும். துத்தநாகத்திற்கு -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, செம்புக்கு +0.34. கடல்நீரில் இவ்வெண்கள் மாறினாலும் இம்மூன்றின் வரிசை மாறுவதில்லை. செம்பு மிகுந்த வெண்கலத்தோடு இரும்பு இணைந்தால் கரைவது இரும்பே. துத்தநாகமும் சேர்ந்தால், அது முந்திக்கொண்டு தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கும். ஆனால் அதன்மேல் வண்ணம் பூசினால் கடல்நீர் அதைத் தொட முடியாது, சுற்று அறுந்துவிடும்.

இம்முறை புதிதன்று. 1824-ஆம் ஆண்டிலேயே ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் போர்த்திய செம்புத் தகடுகளை இரும்பும் துத்தநாகமும் கொண்டு காக்கலாம் எனக் காட்டினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் அதன் நச்சுக்கு அதுவரை விலகியிருந்த கடல் உயிரினங்கள் அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன!

ஒரு கட்டி எவ்வளவு காலம் வரும்? பாரடே விதி விடை தரும். 32.7 கிராம் துத்தநாகம் கரைந்தால் 96,500 கூலும் மின்னூட்டம் கிடைக்கும். ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 820 ஆம்பியர்-மணி. 0.1 ஆம்பியர் வீதம் செலவானால் 8,200 மணி நேரம், அதாவது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் இன்னும் குறையும். ஆகவே ஆண்டுதோறும் பார்த்து மாற்றுவதே அறிவுடைமை.

இத்தகைய ஆய்வுகளுக்கென்றே நம் தமிழகத்தில் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953-இல் அது திறக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையிலும் அதன் அரிமான ஆய்வு நிலையம் உள்ளது.

அன்று வண்ணத்தைச் சுரண்டி எடுத்துப் புதிய கட்டிகளைப் பொருத்தினார்கள். அடுத்த முறை படகு கரையேறியபோது கட்டிகள் பாதியாய்த் தேய்ந்திருந்தன. தகட்டில் புதிய குழி ஒன்றுகூட இல்லை. நண்பர்களே, தேர்வுத்தாளில் நாம் எழுதும் இரண்டு மதிப்பெண் விடை, கடலுக்குப் போகிறவர்களின் உயிரைக் காக்கவும் கூடும். அதை அவர்களிடம் சென்று சொல்வதும் நம் படிப்பின் ஒரு பகுதியே.