யன்னற் கண்ணாடியும் வெயிலின் வெப்பமும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பாலையூற்று, லூர்து அன்னையின் திருத்தலத்தாற் பலரும் அறிந்த ஊராகும். அதன் பெயரிலே ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் அடங்கியிருக்கின்றன. பாலை, வரண்ட நிலத்திலும் பசுமை குன்றாது நின்று நிழல் தருவது. ஊற்று, நிலத்தடியிலிருந்து நீர் சுரக்கும் இடம். வெயில் மிகுந்த நாட்டிலே குடியிருக்க வந்தோர் முதலில் நாடியவை நிழலும் நீருமே என்பதனை இப்பெயர் உணர்த்துவது போலும்.

இப்பகுதியின் வெப்பத்திற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. வைகாசி தொடக்கம் ஆவணி வரையில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைநாட்டின் மேற்குச் சாரலிலே தன் மழையைப் பொழிந்துவிடுகின்றது. பின்னர் ஈரம் இழந்து கிழக்குச் சரிவில் இறங்கும்பொழுது, அமுக்கம் மிகுவதாற் சூடேறி, வரண்ட காற்றாகக் கீழ்க்கரையை வந்தடைகின்றது. இதனையே கச்சான் என்பர். இக்காலத்தில் திருகோணமலையின் பகல் வெப்பநிலை 33, 34 பாகை செல்சியசாக இருப்பது வழக்கம். 35 பாகையைக் கடக்கும் நாள்களும் உண்டு. கச்சான் வீசும் பிற்பகலிலே யன்னலைத் திறந்தால் அனல் வீசும்; மூடினால் அறை புழுங்கும். கைக்குழந்தையும் முதியோரும் உள்ள வீட்டிலே இது சிறிய தொல்லையன்று.

முன்னோர் கட்டிய வீடுகளில் இத்தொல்லை ஓரளவு தணிந்திருந்தது. தாழ இறங்கிய ஓட்டுக் கூரை, அகன்ற விறாந்தை, சுவருக்கு வெளியே கிடுகினால் வேய்ந்த பத்தி, முற்றத்திலே வேம்பு என இவை யாவும் வெயிலைச் சுவரிற் படாமலே தடுத்தன. யன்னல்கள் சிறியன, அவற்றின் கதவுகள் மரத்தாலாயவை. இன்றோ, காணி சுருங்கிவிட்டது, மாடி எழுந்துவிட்டது, விறாந்தை மறைந்து, அகன்ற கண்ணாடி யன்னல்கள் நேரே வெயிலை நோக்கி நிற்கின்றன. வெளிச்சம் கிடைத்தது, அதனோடு வெப்பமும் உள்ளே வந்தது.

கண்ணாடி வெப்பத்தை எவ்வாறு உள்ளே விடுகின்றது? வெப்பம் செல்லும் வழிகள் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என மூன்று. கதிரவனிலிருந்து வெப்பம் வருவது கதிர்வீசலாலேயாம். அக்கதிர்களின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குப் புலனாகும் ஒளி. எஞ்சியதிற் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர். சிறுபகுதி ஊதாக்கடந்த கதிர். தெளிந்த மெல்லிய கண்ணாடியானது, நேராக வந்து படும் இவ்வாற்றலில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் உள்ளே செல்லவிடும். உட்புகுந்த கதிர் தரையிலும் கட்டிலிலும் சுவரிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றது. சூடேறிய பொருள்களும் கதிர் வீசுகின்றன. ஆயின் அக்கதிரின் அலைநீளம் மிகப் பெரிது. கண்ணாடி அதனை ஊடுசெல்ல விடாது. வந்த வெப்பம் வெளியேறும் வழி இவ்வாறு அடைபடுகின்றது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தவர் எவரும் இதன் விளைவை அறிவர்.

பிற்பகல் நான்கு மணியளவில், மேற்கு நோக்கிய சுவரின் ஒரு சதுர மீற்றர் பரப்பிலே ஏறத்தாழ 600 வாற்று வெயில் விழக்கூடும். ஒன்றரைச் சதுர மீற்றர் அளவான யன்னல் வழியே அதிற் பெரும்பகுதி உள்ளே வருமாயின், அது சிறிய மின்னடுப்பு ஒன்றை அறையின் மூலையிலே ஏற்றிவைத்ததற்கு ஒப்பாகும். மின்விசிறி இவ்வெப்பத்தை நீக்குவதில்லை. சூடான காற்றைச் சுழற்றுவதே அதன் தொழில்.

எல்லா யன்னல்களும் ஒரே அளவில் வெப்பம் தருவனவல்ல. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் ஆவணி நடுவிலும் நண்பகற் கதிரவன் நேரே தலைக்கு மேல் நிற்பான். ஆனி மாதத்தில் நண்பகலிலே சற்று வடக்கே சாய்ந்து நிற்பான். மார்கழியிலே தெற்கே சாய்வான். இந்நிலைகளில் வடக்கு, தெற்கு யன்னல்களுக்கு மேலே சிறு தாழ்வாரம் இருந்தாற் போதும். உச்சி வெயில் தடைப்படும். கிழக்கும் மேற்கும் அவ்வாறானவையல்ல. காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்து நிற்பதால், அவன் கதிர் தாழ்வாரத்தின் கீழாகப் புகுந்து அறையின் உட்சுவர் வரை செல்லும். அவற்றுள்ளும் மேற்கு யன்னலே கொடியது. பகல் முழுதும் சூடேறிய வீட்டிலே அது மேலும் வெப்பத்தைச் சேர்க்க, அறை இரவு நெடுநேரம் வரையில் ஆறாதிருக்கும்.

இத்தகைய யன்னல்களுக்கெனவே கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்புப் படலம் தோன்றியது. பொலியெசுத்தர் என்னும் நெகிழித் தாளின்மேல், வெற்றிடத்திலே ஆவியாக்கிய அலுமினியத்தை ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகப் படியச் செய்வதே இதன் முதல் முறை. இவ்வகைப் படலத்துக்கு 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே காப்புரிமை வழங்கப்பெற்றது. இப்பொழுது விற்பனையில் உள்ளவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். சாயமூட்டியவை வெயிலை உறிஞ்சுவன. உலோகம் பூசியவை கண்ணாடிபோல் மின்னி வெயிலைத் திருப்பி அனுப்புவன. ஒளியைப் பெரும்பாலும் விட்டுச் செந்நிறக்கீழ்க் கதிரை மாத்திரம் தேர்ந்து தடுப்பன மூன்றாம் வகை. இவை விலை மிகுந்தவை.

இங்கே பலர் ஏமாறுவது ஒன்றுண்டு. கருமையான படலமே குளிர்ச்சி தரும் என எண்ணுவது தவறு. சாயப்படலம் வெயிலை உறிஞ்சித் தானும் சூடேறி, கண்ணாடியையும் சூடாக்கி, அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை அறைக்குள்ளேயே வீசும். அறை இருண்டதனால் பகலிலே மின்விளக்கு ஏற்ற நேரின், சேமிப்பு எங்கே? ஆகவே, வாங்குவோர் நிறத்தைப் பாராது, கதிரவனின் மொத்த ஆற்றலில் எத்தனை பங்கைப் படலம் தடுக்கும், எத்தனை பங்கு ஒளியை விடும் என்னும் இரண்டு அளவுகளையும் கேட்டறிதல் வேண்டும். நல்ல உலோகப் படலம் அவ்வாற்றலிற் பாதிக்கு மேல் தடுக்கும். தரமான படலங்கள் ஊதாக்கடந்த கதிரை ஏறத்தாழ முற்றாகவே தடுப்பதால், திரைச்சீலையும் புத்தகமும் நிறம் வெளுப்பதும் குறையும்.

படலத்தின் எல்லைகளையும் அறிதல் நன்று. திறந்த யன்னலிலே அதனாற் பயனில்லை. கச்சான் வீசும் பகலிலே யன்னலை மூடிவைத்து, இரவிலே காற்றுக்குத் திறந்துவிடும் வீட்டுக்கே அது ஏற்றது. மின்னும் படலம் பகலிலே வெளியாரின் பார்வையை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரியும்பொழுது அம்மறைப்பு நீங்கிவிடும். தடித்த கண்ணாடி, நிறக்கண்ணாடி, கம்பி பதித்த கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றில் உறிஞ்சும் படலத்தை ஒட்டினால், வெயில் பட்ட பகுதியும் நிழற் பகுதியும் வெவ்வேறளவில் விரிந்து கண்ணாடி வெடிக்கவும் கூடும். வெளிப்புறத்தில் ஒட்டினால் வெப்பத்தை நன்கு தடுக்கும். எனினும் மழையும் உப்புக்காற்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். துறைமுகத்தை அண்டிய ஊர்களுக்கு இது முக்கியம்.

ஒட்டும் முறை கடினமானதன்று. கண்ணாடியைத் தூசி சிறிதுமின்றித் துடைத்து, சவர்க்காரம் சில துளி கலந்த நீரைத் தெளித்து, படலத்தைப் பொருத்தி, றப்பர் விளிம்புள்ள தட்டினால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரை வழித்துவிடல் வேண்டும். சில வாரங்கள் மங்கல் தோன்றுவது இயல்பு. ஈரம் உலர்ந்ததும் தெளிந்துவிடும்.

எனினும் படலம் முதல் மருந்தன்று. கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெயில் உட்புகுந்த பின்னரே அதனை எதிர்கொள்கின்றது. கண்ணாடிக்கு வெளியே கட்டிய கிடுகுத் தட்டியோ, அது புகுமுன்னரே தடுத்துவிடுகின்றது. ஒரு நாள் திரைச்சீலையும் மறுநாள் தட்டியும் இட்டு, பிற்பகலில் உட்புறக் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்போர் இவ்வேறுபாட்டைத் தாமே உணரலாம். கண்டலமைக் குளத்தருகே, ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பெற்ற பெருவிடுதியும் இம்முறையையே கையாண்டது. அதன் முகப்பிற்கு வெளியே நின்ற சட்டங்களிற் கொடிகள் படர்ந்து நிழல் செய்தன. தகரக் கூரையுள்ள தனிமாடி வீட்டிலே முதற் செலவு கூரைக்கே உரியது. அங்கே மேலிருந்து இறங்கும் வெப்பத்தை யன்னற் படலம் ஒருபோதும் தடுக்காது. ஆகவே கூரை, மரம், தட்டி, தாழ்வாரம் என்பன முன்னே நிற்க, மரம் நடக் காணியும் தட்டி கட்ட இடமும் இல்லாத மேல்மாடி அறைக்கும், சுவரைத் தொட உரிமையற்ற வாடகை வீட்டுக்கும், மேற்கு நோக்கிய பெருங் கண்ணாடிக்கும் படலம் உற்ற துணையாகும்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருட் பற்றாக்குறையால் இலங்கையிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டது. விசிறியும் குளிரூட்டியும் ஓய்ந்த அந்நாள்களிலே, நிழலுள்ள வீட்டார்க்கும் வெயிலை நோக்கிய வீட்டார்க்கும் இருந்த வேறுபாடு வெளிப்பட்டது. மின்சாரமின்றியும் தாங்கக்கூடியதாக ஒரு வீட்டை அமைத்துக்கொள்வது, செல்வர்க்கு மாத்திரம் உரிய வசதியன்று. வெயில் எந்த யன்னலால், எந்த நேரத்தில் வருகின்றதென ஒரு நாள் இருந்து கவனித்து, அந்த யன்னலிலிருந்தே தொடங்குதல் எவர்க்கும் இயல்வதாகும்.